அயர்லாந்து முதியோர் இல்லக் கட்டணம்: முடிந்துபோன கதையா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதன் சுருக்கம் இது. மனைவி டப்ளின் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஐரிஷ் ஊழியர் ஒருவர், "இந்த அரசாங்கம் கிழவர்களின் காசை முப்பது வருஷம் திருடியது" என்கிறார். இன்னொருவர், "அது எப்போதோ முடிந்த கதை, எதிர்க்கட்சிக்காரர்கள்தான் கிளப்பிவிடுகிறார்கள்" என்கிறார். எது உண்மை? அந்த இல்லத்தில் இருக்கும் தாத்தா ஒருவர், "என் பென்ஷன் எங்கே போகிறது?" என்று தினமும் கேட்கிறாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி, நான் நாகர்கோவிலிலிருந்து 2004இல் இங்கே நர்ஸாக வந்தவள். நான் வந்திறங்கிய சில மாதத்தில்தான், அரசு இல்லங்களில் முதியோரிடம் சட்டத்துக்கு மாறாகக் கட்டணம் வாங்கிவந்த இந்த விஷயம் வெடித்தது. அப்போது நான் வேலை பார்த்தது அரசு நடத்திய ஒரு முதியோர் மருத்துவமனையில். அதனால் இதைச் செய்தியாகவும் பார்த்திருக்கிறேன், கட்டில் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் சட்டம். 1970இல் வந்த சுகாதாரச் சட்டப்படி, மெடிக்கல் கார்டு வைத்திருக்கும் ஏழைகளுக்கு மருத்துவமனை உள்நோயாளி சேவை இலவசம். அப்படியானால் வயதாகி, எழுந்து நடமாட முடியாமல், அரசு இல்லத்தில் வருஷக்கணக்காகப் படுத்திருப்பவர் உள்நோயாளியா, அல்லது சும்மா தங்கியிருப்பவரா? இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மூதாட்டியின் கட்டணம் சம்பந்தமான வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கே அவருக்குக் கிடைப்பது நர்ஸிங் பராமரிப்பு, ஆகவே அவர் உள்நோயாளிதான், கட்டணம் வாங்கக் கூடாது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அதே 1976இல் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது, 7/76 என்ற எண்ணில். அதன் யோசனை இதுதான். இலவசம் என்பது மெடிக்கல் கார்டு இருப்பவருக்குத்தானே? இல்லத்துக்குள் வந்துவிட்டவருக்கு டாக்டரும் மருந்தும் உள்ளேயே கிடைக்கின்றன, அப்புறம் அவருக்குக் கார்டு எதற்கு? கார்டை எடுத்துவிடு. கார்டு இல்லையென்றால் அவர் இலவசத்துக்கு உரியவர் இல்லை, கட்டணம் வாங்கலாம். உடம்பு முடியாமல் போய் உள்ளே வந்ததே உரிமையைப் பறிக்கக் காரணமாகிவிட்டது. இருபது வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

பணம் எப்படிப் போனது என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இங்கே முதியோர் பென்ஷன் வெள்ளிக்கிழமை வரும். எங்கள் வார்டில் பெரும்பாலானவர்களின் பென்ஷன் நேராக அலுவலகத்துக்குப் போய்விடும். கைச்செலவுக்கென்று மிச்சப் பணத்தைச் சின்னக் கவரில் போட்டு, பெயர் எழுதி, கிளார்க் கொண்டுவந்து கொடுப்பார். ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார், விவசாயக் குடும்பம். கவரைப் பிரித்து நாணயங்களைப் போர்வைமேல் கொட்டி, சர்ச் காணிக்கைக்கு ஒன்று, இருமல் மிட்டாய்க்கு ஒன்று, பேத்தி பிறந்தநாளுக்கு என்று தனித்தனியாக அடுக்குவார். ஒவ்வொரு ரசீதையும் மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். "யாருக்கும் கடன்பட்டவளாகச் சாகக் கூடாது" என்பார். அரசாங்கம்தான் அவருக்குக் கடன்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

மேலிடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. சட்டப்படி இது நிற்காது என்ற எச்சரிக்கை வெவ்வேறு காலங்களில் துறைக்குள் வந்துகொண்டே இருந்தது. 2001 ஜூலையில் நிலைமை இன்னும் அப்பட்டமாகிவிட்டது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், மெடிக்கல் கார்டு என்று அரசே சட்டம் போட்டது. கார்டை எடுத்துவிடும் பழைய தந்திரத்துக்கு இனி இடமே இல்லை. ஆனாலும் கட்டணம் வாங்குவது நிற்கவில்லை.

அந்தந்த வட்டாரத்தில் அரசு மருத்துவச் சேவையை அப்போது நடத்தியவை ஹெல்த் போர்டுகள். அவற்றில் ஒன்றான தென்கிழக்கு ஹெல்த் போர்டு ஒரு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டது. இது சட்டவிரோதம் என்று பதில் வந்தது. 2003 டிசம்பரில் டப்ளின் கிரெஷம் ஹோட்டலில் துறையின் மேலதிகாரிகளும் ஹெல்த் போர்டு தலைவர்களும் கூடிய கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரலிடம் ஆலோசனை கேட்பது என்று முடிவானது. கடிதம் தயாரானது, ஆனால் அனுப்பப்படவில்லை. அது இருந்த கோப்பும் பிறகு கிடைக்கவில்லை. துறைச் செயலாளர் மைக்கேல் கெல்லி, அமைச்சரிடம் விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னார். அப்போது அமைச்சராக இருந்த மிஹால் மார்ட்டின், தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். அந்தக் கூட்டத்துக்கு அவர் தாமதமாக வந்தார், அந்தப் பகுதி நடந்தபோது அறையில் இல்லை என்பது அவர் தரப்பு. கோப்பு இல்லாததால் இந்த இரண்டு சொற்களில் எதற்கும் சாட்சி இல்லாமல் போனது.

2004 கடைசியில் எதிர்க்கட்சியான ஃபின கேலின் தலைவர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பினார். "எதிர்க்கட்சி கிளப்பிவிடுகிறது" என்று அந்த ஊழியர் சொல்வது அந்த அளவுக்குச் சரிதான். ஆனால் கிளப்பியதால்தான் வெளியே வந்தது. கட்டணம் நிறுத்தப்பட்டது. புதிதாக வந்திருந்த அமைச்சர் மேரி ஹார்னி, உயிரோடு இருக்கும் சுமார் 20,000 பேருக்குத் தலைக்கு 2,000 யூரோ வரை நல்லெண்ணத் தொகை தருவதாக அறிவித்தார். கூடவே அவசரமாக ஒரு மசோதா. இனிமேல் வாங்கும் கட்டணம் செல்லும் என்பது ஒரு பாதி. இதுவரை வாங்கிய கட்டணமும் சட்டப்படி செல்லும், யாரும் திரும்பக் கேட்க முடியாது என்பது இன்னொரு பாதி.

ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் அதில் கையெழுத்துப் போடாமல் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2005 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. இனி வாங்கலாம் என்ற பாதி செல்லும். பழையதை மூடி மறைக்கும் பாதி செல்லாது, ஏனென்றால் திருப்பிக் கேட்கும் உரிமை அந்த முதியோரின் சொத்து, அதைச் சட்டம் போட்டுப் பறிக்க முடியாது. கொஞ்சப் பணமே உள்ளவரின் சொத்துக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு வேண்டும், அவரிடமிருந்து எடுப்பது அவரை அதிகமாகத் தாக்கும் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அன்று இரவு ஷிப்டில் ஜன்னல் ஓரப் பாட்டி ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். என்னைக் கைகாட்டி அழைத்து, "இவர்கள் பேசுவது என்னைப் பற்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த டின்னை அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார்.

அடுத்த மாதம் ஜான் டிராவர்ஸ் என்பவரின் விசாரணை அறிக்கை வெளியானது. முக்கியமான பொறுப்பு அதிகாரிகள்மேல் விழுந்தது. கெல்லி பதவியிலிருந்து விலகி உயர்கல்வி ஆணையத் தலைவர் பதவிக்குப் போனார். அரசியல்வாதிகள் தப்பிக்க விடப்பட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. என் கருத்தைக் கேட்டால், அந்தக் கோபம் நியாயம், ஆனால் பாதி நியாயம். 1976இல் சுற்றறிக்கை போனபோது அமைச்சர் தொழிற்கட்சியின் பிரெண்டன் கோரிஷ். பிறகு ஃபியன்னா ஃபாயில், ஃபின கேல், தொழிற்கட்சி என்று மாறி மாறி எல்லோரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த 28 வருஷத்தில் சுகாதார அமைச்சராக இருந்த ஹாஹி, கோவன், மார்ட்டின் என்ற மூன்று பேர் பிறகு பிரதமர்களாகவும் ஆனார்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேட்ட கேள்வியை ஆளும்போது யாரும் தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பணம் திரும்பி வந்ததா? ஓரளவு. 2006இல் திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. 20,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்கு, மொத்தம் 45 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கப்பட்டது. ஆரம்பத்தில் அரசே நூறு கோடி யூரோ வரை ஆகலாம் என்று பேசியது. குறைந்ததற்கு ஒரு காரணம் விதி. உயிரோடு இருப்பவர்களுக்கும், 1998 டிசம்பர் 9க்குப் பிறகு இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் மட்டும்தான். அதற்கு முன்னால் இறந்தவர்கள் கணக்கில் இல்லை. 1976இலிருந்து 1998 வரை கட்டிவிட்டுக் கண்ணை மூடியவர்களின் காசு போனது போனதுதான். பாட்டியின் மகள் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் உதவி கேட்டார். சமையலறை மேசையில் டின்னைக் கவிழ்த்து ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கினோம். பணம் வந்தபோது பாட்டி இல்லை.

இப்போது "முடிந்த கதை" என்பதற்கு வருகிறேன். அரசு இல்லங்களில் இருந்தவர்களுக்குத்தான் அந்தத் திட்டம். ஆனால் அரசு இல்லத்தில் இடமே கிடைக்காமல் தனியார் இல்லத்துக்குப் போனவர்கள்? அவர்களிடமும் மெடிக்கல் கார்டு இருந்தது, அரசு கொடுக்க வேண்டிய கட்டிலைக் கொடுக்கவில்லை. வீட்டை விற்று, நிலத்தை விற்றுக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வழக்குப் போட்டன. அரசு என்ன செய்தது என்பது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. சுகாதாரத் துறைக்குள் இருந்த ஷேன் கோர் என்ற அதிகாரி ஆவணங்களை வெளிப்படுத்த, ஐரிஷ் மெயில் ஆன் சண்டே பத்திரிகை அச்சிட்டது. ஒரு வழக்கும் விசாரணை மேடைக்குப் போகவில்லை. துறையின் கோப்புகளை எதிர்த்தரப்பிடம் காட்ட வேண்டிய கட்டம் நெருங்கினால், சத்தமில்லாமல் சமரசம் பேசி முடித்துவிடுவது. அப்படி முடிப்பதால் மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. எல்லோரும் வந்தால் 1,200 கோடி யூரோ வரை போகலாம் என்ற பழைய மதிப்பீடும் அந்த ஆவணங்களில் இருந்தது.

அட்டர்னி ஜெனரல் ரோசா ஃபானிங் சில நாட்களிலேயே அறிக்கை கொடுத்தார். தனியார் இல்லக் கட்டணத்துக்கு அரசு பொறுப்பு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, அரசுக்கு நியாயமான எதிர்வாதம் இருந்தது, மக்கள் வரிப்பணத்தைக் காக்கும் எந்த வழக்காளியும் செய்வதைத்தான் அரசு செய்தது என்பது அதன் சாரம். சட்டம் படித்தவர்கள் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்கிறார்கள், நானும் தள்ளவில்லை. ஆனால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்படி நடந்தால் ஒன்று, அரசாங்கம் அப்படி நடந்தால் வேறு. எதிரே நிற்பவர் அந்த அரசாங்கத்துக்கு ஆயுள் முழுக்க வரி கட்டியவர். அதே சமயத்தில் இன்னொன்றும் வெளியானது. இல்லங்களில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகளுக்குச் சேர வேண்டிய உதவித்தொகை 1996 வரை தரப்படாமல் இருந்தது. அதில் அரசின் சட்ட நிலை பலவீனமானது என்று அரசுத் தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த மக்களுக்காகப் பேச அன்றும் ஆள் குறைவு, இன்றும் குறைவு.

கட்டண விவாதத்தையும் அரசு மருத்துவமனையின் சீர்கேட்டையும் இங்கே டிவியில் தனித்தனி நாளில் பேசுவார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வியாதி. அரசு தன் கட்டில்களைப் பெருக்கவில்லை. 1990களின் கடைசியில் தனியார் இல்லம் கட்டுபவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது. இன்று நர்சிங் ஹோம் கட்டில்களில் ஐந்தில் நான்கு பங்கு தனியாரிடம். கண்காணிப்பும் பின்னால்தான் வந்தது. 2005 மே மாதம் இந்த நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ டிவி, டப்ளின் வடக்கே லீஸ் கிராஸ் என்ற தனியார் இல்லத்தில் ரகசியமாக எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. புண் பிடித்து, கவனிப்பார் இல்லாமல் கிடந்தவர்களை நாடே பார்த்தது. அரசு மருத்துவமனையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹிக்வா என்ற கண்காணிப்பு அமைப்பு வந்தது, 2009இலிருந்துதான் அது இல்லங்களைச் சோதிக்க ஆரம்பித்தது. அதுவரை அரசு இல்லங்களை வெளியார் யாரும் சோதித்ததே இல்லை. நான் வேலை பார்த்த இடம் உட்பட. 2025 ஜூனில் மறுபடியும் ஆர்டிஇ, எமெய்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் இரண்டு இல்லங்களில் அதே மாதிரி காட்சிகளை எடுத்துக் காட்டியது. இருபது வருஷம் இடைவெளி. சோதனை அமைப்பு இருந்தும் கேமராதான் கண்டுபிடித்தது. ஆள் பற்றாக்குறையோடு ஒரு தளத்தில் இரவு ஷிப்ட் பார்த்த யாருக்கும் இதன் காரணம் புரியும்.

மருத்துவமனை பக்கம் பாருங்கள். 2023 ஜனவரி 3 அன்று நாடு முழுக்க 931 பேர் கட்டில் இல்லாமல் டிராலியில் கிடந்தார்கள் என்று நர்ஸ்கள் சங்கம் கணக்குச் சொன்னது. லிமெரிக் நகர மருத்துவமனையில் எப்போதும் மோசம். 2009இல் பக்கத்து ஊர்களான என்னிஸ், நீனா மருத்துவமனைகளின் 24 மணி நேர அவசரப் பிரிவை மூடிவிட்டு எல்லாக் கூட்டத்தையும் ஒரே இடத்துக்குத் திருப்பினார்கள், ஈடாகக் கட்டில் கூட்டவில்லை. எங்கள் இல்லத்திலிருந்து இடுப்பு உடைந்து போன ஒரு பெரியவரை, லீவு நாளில் பார்க்கப் போயிருக்கிறேன். வேறு ஒரு ஊர் மருத்துவமனை. நடைபாதையில், கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் காற்று அடிக்கும் இடத்தில் டிராலி. காது கேட்கும் கருவியை யாரோ கழற்றி வைத்துவிட்டிருந்தார்கள், அதனால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். 19 மணி நேரம். மேலே வார்டில் கட்டில் காலியாகாததற்குக் காரணம், உடம்பு தேறியும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் உரிமை இந்த நாட்டில் சட்டமாக இல்லை, நர்சிங் ஹோமுக்குத்தான் சட்டப்படியான உதவி. அதனால் வீட்டிலேயே இருக்கக்கூடியவரும் இல்லத்துக்கு வந்து சேருகிறார்.

அந்த உதவித் திட்டம்தான் ஃபேர் டீல், 2009 அக்டோபரில் வந்தது. உங்கள் மனைவியிடம் கேட்கும் அந்தத் தாத்தாவின் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அவர் தன் வருமானத்தில் 80 சதவீதம் கட்ட வேண்டும். தம்பதியில் ஒருவர் மட்டும் இல்லத்தில் என்றால் இருவர் வருமானத்தில் 40 சதவீதம். சொத்து இருந்தால், முதல் 36,000 யூரோவை விட்டுவிட்டு, மிச்சத்தில் வருஷத்துக்கு 7.5 சதவீதம். குடியிருந்த வீட்டுக்கு மூன்று வருஷம் மட்டும்தான் இந்தக் கணக்கு, அதாவது 22.5 சதவீதத்துக்கு மேல் போகாது. அதையும் இப்போது கட்டாமல், கடனாக வைத்து, இறந்த பிறகு சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மிச்சத்தை அரசு கட்டும்.

திட்டம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு போல ஒரே வருஷத்தில் வீட்டை விற்கும் நிலை இல்லை. ஆனால் 1970 சட்டம் ஏழைக்குக் கொடுத்த உரிமை போய்விட்டது, இப்போது மெடிக்கல் கார்டு இருந்தாலும் கட்டணம் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்ட கட்சி எதுவும் எனக்கு நினைவில்லை.

2024இல் முழு அரசு பென்ஷன் வாரம் 277.30 யூரோ. அந்த ஒன்றுதான் வருமானம் என்றால் 221.84 போகும், கையில் 55.46 நிற்கும். சிக்கல் அந்த மிச்சத்தில்தான். ஃபேர் டீல் படுக்கை, சாப்பாடு, நர்ஸிங், சாதாரணத் துணி துவைப்பு ஆகியவற்றுக்குத்தான். பிசியோதெரபி, பொழுதுபோக்கு நிகழ்ச்சி, முடிவெட்டு, செய்தித்தாள் எல்லாம் அதில் இல்லை. பல தனியார் இல்லங்கள் இவற்றுக்கென்று வாரத்துக்கு ஒரு தொகை வாங்குகின்றன. கட்டிலைவிட்டு எழ முடியாதவரிடமும் பாட்டுக் கச்சேரிக் கட்டணம் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இல்லத்தின் பெயர் வேண்டாம்.

ஆகவே உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். தாத்தா தினமும் கேட்கிறார் என்றால் மறதி என்று தள்ளிவிட வேண்டாம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. இல்லத்தோடு அவர் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அவருக்கோ குடும்பத்துக்கோ கிடைத்திருக்க வேண்டும், கூடுதல் கட்டணம் என்னென்ன என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அலுவலகத்தில் மாதக் கணக்கைக் கேட்டு, மகனோ மகளோ வரும் நாளில் மூவரும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கட்டும். அவர் போகாத நிகழ்ச்சிக்குப் பணம் போயிருந்தால் முதலில் மேலாளரிடம் எழுத்தில் கேட்கட்டும், பதில் சரியில்லையென்றால் குறைகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம், தனியார் இல்லத்துக்கும் அங்கே புகார் உண்டு. நர்ஸாக உங்கள் மனைவி கணக்கில் கையெழுத்துப் போடவோ, பணத்தைக் கையில் வாங்கி வைக்கவோ வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகப் படித்துக் காட்டினால் போதும்.